200 மணி நேரம் பறந்துவிட்டால் சிபிஎல் கிடைத்துவிடுமா? பாம்பன் தம்பிக்கு ஒரு விரிவான பதில்

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காகவும் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். +2 கணிதம், இயற்பியலோடு முடித்தாயிற்று. அப்பா பாம்பனில் விசைப்படகு வைத்திருக்கிறார், நீங்கள் விமானி ஆக வீட்டில் சம்மதம் கிடைத்துவிட்டது. ஒரு ஏஜென்ட் அமெரிக்காவில் 190 மணி நேரத்தில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் (சிபிஎல்) வாங்கித் தருகிறேன் என்கிறார், உள்நாட்டுப் பள்ளி ஒன்று 200 மணி நேரம் என்கிறது. எதை நம்புவது, எந்த விமானத்தில் பறந்தால் கணக்கில் சேரும், உச்சிப்புளியிலேயே பயிற்சி எடுக்க முடியாதா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உச்சிப்புளியில் இருப்பது கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து. அது ராணுவ விமானத்தளம், அங்கே தனியார் மாணவர்களுக்குப் பயிற்சி கிடையாது. நம் கடற்கரைப் பிள்ளைகள் பயிற்சிக்கு வெளியூர் போய்த்தான் ஆக வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் ஃபுர்சத்கஞ்ச், மகாராஷ்டிரத்தில் கோண்டியா, கர்நாடகத்தில் மைசூரு, இல்லையென்றால் வெளிநாடு.

நான் தேவிபட்டினத்துக்காரன். இன்ஸ்ட்ரக்டராகப் பல மாணவர்களின் லாக்புக்கை, அதாவது பறந்த மணிகளை எழுதி வைக்கிற பதிவேட்டை, புரட்டிப் பார்த்தவன். அதனால் உறுதியாகச் சொல்கிறேன், 190, 200, 250 என்கிற மொத்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அந்த மொத்தத்துக்குள் பல உள்கணக்குகள் இருக்கின்றன. யார் கட்டுப்பாட்டில் பறந்தது, எவ்வளவு தூரம், பகலா இரவா, எந்த விமானம், எந்த மாதத்தில் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அளவு உண்டு. 210 மணி நேரம் பறந்துவிட்டு, ஒரே ஒரு உள்கணக்கு குறைகிறது என்று மறுபடி பணம் கட்டிப் பறந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பணம் வீட்டு நகையிலிருந்தும் படகின் மேல் வாங்கிய கடனிலிருந்தும் வருகிறது என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் நம் நாட்டு விதி. விமானி உரிமங்களைக் கொடுக்கிற மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, சிபிஎல் கொடுக்க வயது 18 ஆகியிருக்க வேண்டும், விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் பைலட் இன் கமாண்டாக, அதாவது விமானத்துக்கு நீங்களே பொறுப்பாக இருந்து பறந்தது; எல்லோரும் பிஐசி என்றுதான் சொல்வோம். அந்த நூறில் 15 மணி நேரமாவது விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் வர வேண்டும். 20 மணி நேரம் பிஐசியாகக் கிராஸ் கன்ட்ரி, அதாவது ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பறப்பது, அதில் ஒரு பயணமாவது 300 நாட்டிக்கல் மைலுக்கு (கடல் மைல்) குறையாமல், வழியில் இரண்டு வேறு விமானத்தளங்களில் இறங்கி முழுதாக நிறுத்தி மறுபடி கிளம்பியதாக இருக்க வேண்டும். கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது 10 மணி நேரம், அதில் சிமுலேட்டரில் செய்தது ஐந்துக்கு மேல் செல்லாது. இரவில் 5 மணி நேரம், பிஐசியாகப் பத்து டேக்-ஆஃப், பத்து லேண்டிங்.

இதில் பலரும் கோட்டை விடுவது கிராஸ் கன்ட்ரியில்தான். சிபிஎல்லுக்கு 20 மணி நேரம் போதும் என்று பள்ளியில் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், அதாவது கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதற்கான தகுதி, இல்லாமல் எந்த ஏர்லைனும் உங்களைத் திரும்பிப் பார்க்காது, அந்த ரேட்டிங்குக்குப் பிஐசியாக 50 மணி நேரம் கிராஸ் கன்ட்ரியும், கருவிப் பறத்தல் 40 மணி நேரமும் வேண்டும். இருபதோடு நிறுத்திவிட்டு மீதி சோலோ (தனியாகப் பறக்கிற) நேரத்தையெல்லாம் ஓடுதளத்தையே சுற்றிச் சுற்றிச் சர்க்யூட் அடித்துத் தீர்த்துவிட்டால், கடைசியில் முப்பது மணி நேரத்துக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருக்கும். முதல் சோலோ முடிந்ததுமே உங்கள் சீஃப் ஃப்ளையிங் இன்ஸ்ட்ரக்டரிடம் உட்கார்ந்து, "சார், என் நூறு பிஐசி மணியில் ஐம்பது கிராஸ் கன்ட்ரியாக வரும்படி திட்டம் போட்டுக் கொடுங்கள்" என்று கேளுங்கள். நல்ல பள்ளியில் நீங்கள் கேட்கும் முன்பே போட்டு வைத்திருப்பார்கள்.

இப்போது அமெரிக்கா. அங்கே டிஜிசிஏ மாதிரி இருக்கிற அமைப்பு எஃப்ஏஏ, அதன் விதியில் சாதாரண வழியில் மொத்தம் 250 மணி நேரம். எஃப்ஏஏ அங்கீகரித்த பாடத்திட்டத்தோடு, விதிப்புத்தகத்தின் பகுதி 141இன் கீழ் நடக்கிற பள்ளிகளில் குறைந்தபட்சம் 190. ஏஜென்ட் சொல்கிற 190 இதுதான், அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த லைசென்ஸை ஊருக்குக் கொண்டுவந்து மாற்றும்போது டிஜிசிஏ தன்னுடைய 200 மணி நேரத்தையும் உள்கணக்குகளையும்தான் பார்க்கும். 190இல் முடித்துவிட்டு வந்தால் குறையும் பத்து மணியை இங்கே ஒரு பள்ளியைத் தேடிப் பிடித்துப் பறக்க வேண்டும். புதுப் பள்ளி, புது விமானம், மறுபடி வரிசையில் காத்திருப்பு. அங்கேயே பறந்து முடித்துவிட்டு வருவதுதான் புத்திசாலித்தனம்.

தூரக் கணக்கும் அங்கே வேறு. எஃப்ஏஏ கேட்கிற நீண்ட பயணம் மொத்தம் 300 நாட்டிக்கல் மைல், மூன்று இடங்களில் இறங்க வேண்டும், அதில் ஓர் இடம் கிளம்பிய இடத்திலிருந்து நேர்கோட்டில் 250 நாட்டிக்கல் மைல் தள்ளி இருக்க வேண்டும். நாட்டிக்கல் மைல் உங்களுக்குப் புதிதில்லை, உங்கள் படகு ஜிபிஎஸ்ஸில் வருகிற அதே அளவுதான். ஒரு பேச்சுக்கு உச்சிப்புளியிலிருந்து கிளம்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். மதுரை நேர்கோட்டில் சுமார் 60, தூத்துக்குடி அறுபத்தைந்தை ஒட்டி. எஃப்ஏஏவில் சாதாரண கிராஸ் கன்ட்ரிக்கு 50 மைலுக்கு மேல் தள்ளி இறங்கினால் போதும் என்பதால் இரண்டுமே தேறும். ஆனால் 250 என்று வரும்போது சென்னைகூடத் தேறாது, அது சுமார் 230தான். மதுரை, திருச்சி, சென்னை என்று இறங்கி ஏறித் திரும்பி வந்தால் மொத்தத் தூரம் 300ஐத் தாராளமாகத் தாண்டும், நேர்கோட்டு 250 மட்டும் வராது, அந்த நாள் முழுவதும் பறந்த பறப்பு அந்தக் கட்டத்துக்குச் செல்லாமல் போய்விடும். அதனால் எந்த நீண்ட பயணத்துக்கும் கிளம்புவதற்கு முன் வரைபடத்தில் அளவுகோலை வைத்து நீங்களே ஒருமுறை அளந்துவிடுங்கள்.

அமெரிக்கக் கணக்கில் இன்னும் சில உள்விவரங்கள் உண்டு. இன்ஸ்ட்ரக்டரோடு இரண்டு மணி நேரப் பகல் பயணம் ஒன்று, இரவுப் பயணம் ஒன்று, இரண்டுமே 100 நாட்டிக்கல் மைலுக்கு மேல். இரவில் 5 மணி நேரம், பத்து டேக்-ஆஃப், பத்து லேண்டிங், அதுவும் டவர் இயங்குகிற விமானநிலையத்தில். தேர்வு நடக்கும் மாதத்துக்கு முந்தைய இரண்டு மாதங்களுக்குள் இன்ஸ்ட்ரக்டரோடு மூன்று மணி நேரத் தயாரிப்பு. தேர்வில் சாண்டெல், லேஸி எய்ட், எய்ட்ஸ் ஆன் பைலான்ஸ், இன்ஜினை ஐடிலில் விட்டுவிட்டுக் குறித்த இடத்தில் இறக்குவது என்று கையின் நேர்த்தியைச் சோதிப்பார்கள். இந்தப் பயிற்சியை நான் மிகவும் மதிக்கிறேன், இங்கே படித்தாலும் இன்ஸ்ட்ரக்டரிடம் கேட்டுச் செய்து பழகுங்கள்.

பிஐசி எழுதுவதில் ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் பிரைவேட் லைசென்ஸ் வாங்கியபின் இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இருக்கும்போதே, கட்டுப்பாடு முழுவதும் உங்கள் கையில் இருந்தால் அதைப் பிஐசியாக எழுதலாம். நண்பர்கள் இருவர் ஒரே விமானத்தில் போய், ஒருவர் கண்ணை மறைத்துக்கொண்டு கருவிப் பயிற்சி செய்ய, மற்றவர் சேஃப்டி பைலட்டாக வெளியே பார்த்துக்கொள்ள, இருவருமே மணி எழுதுகிற வழக்கமும் உண்டு. அங்கே அது சட்டப்படி சரி. இந்தியாவுக்குத் திரும்பி வருகிற எண்ணம் இருந்தால் அந்த மணிகளை நம்பி நூறை நிரப்பாதீர்கள். யாருமே கேள்வி கேட்க முடியாதபடி நூறு மணி நேரம் தனியாகப் பறந்து வாருங்கள். கொஞ்சம் செலவு கூடும்தான், ஆனால் லைசென்ஸ் மாற்றும் நேரத்தில் கோப்பு திரும்பி வந்தால் போகிற மாதங்கள் அதைவிட விலை அதிகம்.

சரி, விமானத்துக்கு வருவோம். எந்த விமானத்தில் பறக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். இந்தியாவில் பெரும்பாலான மணிகள் செஸ்னா 172, டைமண்ட் டிஏ40 மாதிரி ஒற்றை இன்ஜின் விமானத்தில் போகும். சிபிஎல் என்கிற தாளுக்கு அதுவே போதும். ஆனால் ஏர்லைன் வேலைக்கு மல்ட்டி இன்ஜின் ரேட்டிங் வேண்டும், அதனால் டிஏ42, பைப்பர் செனிகா, டெக்நாம் பி2006டி போன்ற இரட்டை இன்ஜின் விமானத்தில் கொஞ்ச மணி நேரம் பறப்பார்கள். 185 ஒற்றை, 15 இரட்டை என்று பிரிப்பது இங்கே பரவலான வழக்கம். பள்ளியிடம் சொந்தமாக இரட்டை இன்ஜின் விமானம் இருக்கிறதா, இன்றைக்குப் பறக்கிற நிலையில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்றே ஒன்று இருந்து அது உதிரி பாகத்துக்காக நின்றுவிட்டால், கடைசிப் பதினைந்து மணிக்காக மாதக்கணக்கில் காத்திருப்பீர்கள்.

அமெரிக்க விதியில் விமானத்தைப் பற்றித் தனியாகவே ஒரு நிபந்தனை இருக்கிறது. ஒற்றை இன்ஜின் சிபிஎல்லுக்குப் பத்து மணி நேரப் பயிற்சி காம்ப்ளெக்ஸ் விமானத்திலோ, டர்பைன் விமானத்திலோ, தொழில்நுட்பத்தில் மேம்பட்டது என்று விதி வரையறுக்கிற விமானத்திலோ நடந்திருக்க வேண்டும். காம்ப்ளெக்ஸ் என்றால் உள்ளே மடங்கும் சக்கரம், ஃப்ளாப், கோணம் மாற்றக்கூடிய ப்ரொப்பெல்லர் மூன்றும் உள்ளது, பைப்பர் ஆரோ மாதிரி. இந்த விமானங்கள் பழையதாகிக்கொண்டே வந்தன, பள்ளிகளுக்குப் பராமரிப்பது பெரும் பாடாக இருந்தது. 2018இல் எஃப்ஏஏ விதியை மாற்றியபின், மின்னணுத் திரையில் பறப்புத் தகவல், ஜிபிஎஸ்ஸோடு நகரும் வரைபடம், இரண்டு அச்சு ஆட்டோபைலட் மூன்றும் இருந்தால் அந்த விமானத்திலேயே பத்து மணியை முடிக்கலாம். ஜி1000 திரையும் ஆட்டோபைலட்டும் உள்ள செஸ்னா 172 இதில் தேறும். வெறும் வட்ட முள் கருவிகள் உள்ள பழைய 172 தேறாது. ஆட்டோபைலட் வேலை செய்யாமல் கிடக்கிற விமானத்தைக் காட்டி "இதுவும் கிளாஸ் காக்பிட்தான் (மின்னணுத் திரை உள்ளதுதான்)" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். தேர்வுக்கு விமானத்தைக் கொண்டுவருவது மாணவரின் பொறுப்பு, அதில் இரட்டைக் கட்டுப்பாடும் செல்லுபடியாகும் தகுதிச் சான்றுகளும் இருக்க வேண்டும் என்பதையும் மனதில் வையுங்கள்.

பள்ளியைத் தேர்வு செய்யும்போது நான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைப்பது விமானத்துக்கும் மாணவருக்குமான விகிதம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு விமானம் நல்ல வானிலையில் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம், மாதத்தில் இருபத்தைந்து நாள் பறக்கிறது என்றால் 125 மணி நேரம். அதைப் பத்து மாணவர்கள் பகிர்ந்தால் தலைக்குப் பன்னிரண்டரை மணி. 200 மணி நேரத்துக்குப் பதினாறு மாதம். இது எல்லாமே சரியாக நடந்தால். நூறு மணிக்கு ஒருமுறை விமானத்தைப் பிரித்துப் பரிசோதிக்க வேண்டும், வடக்கே டிசம்பர் ஜனவரியில் காலை மூடுபனி விலகவே நேரமாகும், மத்திய இந்தியாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. அதே விமானத்துக்கு இருபது மாணவர் என்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டிஜிசிஏ 2025 முதல் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தி வெளியிடுகிறது, அதைப் பாருங்கள், ஆனால் அதோடு நிற்காமல் நேரில் போங்கள். ஓடுதளத்தில் நிற்கிற விமானங்களை எண்ணுங்கள், ஹாங்கரில் இன்ஜின் இல்லாமல் நிற்பவற்றைக் கழியுங்கள், அங்கே படிக்கிற பையன்களிடம் டீக்கடையில் வைத்துக் கேளுங்கள்: "போன மாதம் எத்தனை மணி நேரம் பறந்தீர்கள்?" அவர்கள் சொல்லும் பதில்தான் உண்மையான பாடத்திட்டம்.

கடற்கரையை ஒட்டிய பள்ளி என்றால் விமானத்தின் கீல், திருகு, இறக்கையின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் பாருங்கள். உப்புக்காற்று உலோகத்தை என்ன செய்யும் என்று படகு வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு நான் விளக்க வேண்டாம். அலுமினியத்தில் வெள்ளைப் பொடியாகப் பூத்திருந்தால் அந்த விமானத்தைக் கழுவிப் பராமரிக்கவில்லை என்று அர்த்தம்.

அந்த ஆறு மாதக் கணக்குக்கும் இந்த விகிதத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. கடைசி ஆறு மாதத்தில் 15 மணி நேரம் பிஐசி என்று சொன்னேன் அல்லவா, ஸ்கில் டெஸ்ட்களும், அதாவது பறந்து காட்டுகிற தேர்வுகளும், அதே மாதிரி புதிதாக இருக்க வேண்டும்: பகலிலும் இரவிலும் பொதுப் பறப்புத் தேர்வு, பகலில் 250 நாட்டிக்கல் மைல் கிராஸ் கன்ட்ரி தேர்வு, இரவில் 120 மைல் போய் எங்கும் இறங்காமல் திரும்பும் தேர்வு. பகல் தேர்வுகளை முடித்துவிட்டு இரவுத் தேர்வுக்கு விமானம் கிடைக்காமல் நாட்கள் ஓடினால், முதலில் முடித்தது காலாவதி ஆகிவிடும். பாவம், பையன் மறுபடி அதையே பறப்பான், மறுபடி பணம். அதனால் எழுத்துத் தேர்வுகள், ரேடியோ உரிமம் எல்லாவற்றையும் முன்பே முடித்துவிட்டு, கடைசிக் கட்டப் பறத்தலை ஒரே மூச்சில் செய்கிற மாதிரித் திட்டமிடுங்கள். தாள்கள் பாக்கி இருக்கும்போது ஸ்கில் டெஸ்ட்டுக்கு அவசரப்படக் கூடாது.

இரவுப் பறத்தலை ஐந்து மணி நேரச் சடங்காக முடிக்க வேண்டாம். நம் கடற்கரையில் வளர்ந்த உங்களுக்கு இது சீக்கிரம் புரியும். நிலா இல்லாத இரவில் பாக் நீரிணைப் பக்கம் பார்த்தால் கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. படகுகள் தொழிலுக்குப் போயிருக்கிற ராத்திரியில் அந்த விளக்குகள் விமானத்திலிருந்து பார்க்க நட்சத்திரம் போலவே தெரியும், அந்த வரிசையை அடிவானம் என்று நம்பி விமானத்தைச் சாய்த்துவிடுகிற மயக்கம் விமானிகளுக்கு நன்றாகத் தெரிந்த ஆபத்து. கடல் மேல் இரவு என்றால் கண்ணை நம்பாமல் கருவியை நம்ப வேண்டும். இரவு மணியையும் கருவி மணியையும் நெருக்கமாக வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான், ஒன்றில் கற்றது மற்றதில் உயிரைக் காக்கும்.

காற்றும் அப்படித்தான். பாம்பன் பழைய பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள், உங்களுக்குத் தெரியும். அது சுமார் 31 நாட். செஸ்னா 172இல் குறுக்குக் காற்றில் இறக்கிக் காட்டப்பட்ட அளவு 15 நாட், பாதிக்கும் கீழே. அமைதியான வானிலையில் மட்டும் பறக்கவிட்டு மணியை நிரப்பித் தருகிற பள்ளியில் லைசென்ஸ் வரும், கச்சான் காற்றில் விமானத்தை நேராக இறக்குகிற கை வராது. இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இருக்கும்போதே காற்று அடிக்கிற நாளில் பறக்கக் கேளுங்கள்.

லாக்புக்கை ஒவ்வொரு பறப்பு முடிந்ததும் அன்றைக்கே எழுதுங்கள், தேதி, விமானப் பதிவு எழுத்து, கிளம்பிய இறங்கிய இடம், டூயலா (இன்ஸ்ட்ரக்டரோடா) பிஐசியா, பகலா இரவா, கருவி எவ்வளவு என்று. பள்ளியின் பதிவேட்டோடு மாதம் ஒருமுறை ஒத்துப் பார்த்து சீஃப் இன்ஸ்ட்ரக்டரிடம் கையெழுத்து வாங்குங்கள். பறக்காத மணியை எழுதித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு அன்றைக்கே கிளம்புங்கள். உங்கள் பின்னால் நூற்றைம்பது பேர் உட்காரப் போகிறார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் மருத்துவம். ஒரு ரூபாய்கூடப் பள்ளிக்குக் கட்டும் முன், டிஜிசிஏ பட்டியலில் உள்ள மருத்துவரிடம் கிளாஸ் 2 மருத்துவச் சான்று எடுத்து, அப்புறம் கிளாஸ் 1 பரிசோதனையையும் முடித்துவிடுங்கள். பெங்களூரில் விமானப்படையின் வான்மருத்துவ நிறுவனத்தில் செய்யலாம். நிறப்பார்வையிலோ இதயத்திலோ ஒரு குறை இருந்தால் அது இப்போதே தெரிவது நல்லது. அமெரிக்கா போவதாக இருந்தாலும் இந்திய கிளாஸ் 1 கையில் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள்.

பணம் கட்டும்போது முழுத்தொகையையும் முதலிலேயே கொடுக்க வேண்டாம். பறக்கப் பறக்கத் தவணையாகக் கட்டுகிற ஏற்பாடு உள்ள இடமாகப் பாருங்கள். ஒப்பந்தத்தில் ஒற்றை இன்ஜின் எத்தனை மணி, இரட்டை எத்தனை, சிமுலேட்டர் எத்தனை, ஸ்கில் டெஸ்ட்டுக்கான விமான வாடகை இதில் அடங்குமா, கூடுதல் மணிக்கு என்ன விலை, பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். இதெல்லாம் இல்லாத தாளில் அப்பாவைக் கையெழுத்துப் போட விடாதீர்கள். ஏஜென்ட் கொடுத்த தாளின் நகலை, பெயர், கணக்கு எண்களை மறைத்துவிட்டு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.